விமான நிலையத்தில் பயோமெட்ரிக்: பாதுகாப்பு எந்த வாசலில் கூடுகிறது?

கேள்வி: தேன்மொழி

வணக்கம் நண்பர்களே. விமான நிலையம் ஒன்றின் பாதுகாப்புத் திட்டமிடல் பிரிவில் வேலை செய்கிறேன். முகம், கைரேகை, கருவிழி போன்றவற்றை வைத்து ஆளை அறியும் பயோமெட்ரிக் அடையாள முறையைக் கொண்டுவருவது பற்றி மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதித் தரும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. கருவி விற்கும் நிறுவனங்கள் வரிசையாக வந்து விளக்கிவிட்டுப் போகின்றன. எல்லோரும் காட்டும் வீடியோ ஒன்றுபோலவே இருக்கிறது: பயணி நடந்து வருகிறார், கேமராவைப் பார்க்கிறார், கதவு திறக்கிறது. துல்லியம் 99 சதவீதத்துக்கு மேல் என்கிறார்கள். ஒரு பயணிக்கு எத்தனை நொடி மிச்சமாகும் என்பதற்கெல்லாம் வரைபடம் வைத்திருக்கிறார்கள்.

வரிசை குறைந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் எழுதவேண்டியது பாதுகாப்புக் குறிப்பு. பைக்குள் இருக்கும் கத்தியை முகம் பார்க்கும் கேமரா கண்டுபிடிக்காது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும், அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்தியவர்கள் பெரும்பாலும் சொந்தப் பெயரில் டிக்கெட் எடுத்து, தங்கள் அடையாள அட்டையைக் காட்டித்தான் ஏறினார்கள். அன்றைக்கு வாசலில் முகமறியும் கருவி இருந்திருந்தாலும் ‘ஆமாம், இவர்தான் அவர்’ என்று சரியாகச் சொல்லி உள்ளே விட்டிருக்கும்.

அப்படியானால் இது எதைத்தான் தடுக்கிறது? செக்-இன், பாதுகாப்புச் சோதனை நுழைவு, போர்டிங் கேட் என மூன்று இடத்திலும் வைக்கச் சொல்கிறார்கள். இருக்கிற பணத்துக்கு ஓரிடத்தில்தான் ஒழுங்காகச் செய்யமுடியும் என்றால் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? விற்பவர்களிடம் என்ன கேட்டால் உண்மை நிலவரம் வெளியே வரும்? இந்த வேலையில் இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


பதில்: கதிர்வேல்

சகோதரி, நான் பயண ஆவணச் சோதனை மேஜையில் பல காலம் உட்கார்ந்தவன். ‘எதைத் தடுக்கிறது’ என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அடுத்தவரின் அசல் பாஸ்போர்ட்டோடு வரும் ஆளைத் தடுக்கிறது.

சிப் வைத்த பாஸ்போர்ட்டைப் போலியாகத் தயாரிப்பது கடினம். சிப்பில் உள்ள தகவலில் அதை வழங்கிய நாட்டின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. ஓர் எழுத்தை மாற்றினாலும் தெரிந்துவிடும். அதனால் ஆள்மாறாட்டம் செய்பவர்கள் சுலபமான வழிக்குப் போகிறார்கள். தன்னைப் போன்ற சாயல் உள்ள ஒருவரின் புத்தகத்தைத் திருடியோ, கேட்டு வாங்கியோ கொண்டுவருகிறார்கள். தாள் அசல், முத்திரை அசல், சிப் அசல். ஆள் மட்டும் வேறு.

இதைக் கண்ணால் பிடிப்பது வெளியில் இருப்பவர்கள் நினைப்பதைவிடக் கஷ்டம். ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் அதிகாரிகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. எதிரே நிற்பவரும் படத்தில் இருப்பவரும் ஒருவரா என்று பார்க்கச் சொன்னார்கள். வேறு ஆளின் படம் வந்தபோது 14 சதவீதம் முறை ‘ஒரே ஆள்தான்’ என்று விட்டுவிட்டார்கள். பல வருடம் வேலை செய்தவர்களும் புதிதாக வந்தவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை. படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் ஷிப்ட் முடியும் நேரத்தில், வரிசை வாசல் வரை நிற்கும்போது, கண் பார்ப்பதை மனம் வாங்கிக்கொள்வதில்லை என்பது அந்த மேஜையில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும்.

2010 அக்டோபரில் ஹாங்காங்கிலிருந்து வான்கூவருக்குப் போன ஏர் கனடா விமானத்தில் ஓர் இளைஞர் சிலிகான் முகமூடி போட்டுக்கொண்டு வெள்ளைக்கார முதியவராக ஏறிவிட்டார். முகம் கிழவர், கைகள் மட்டும் இளைஞரின் கைகள் என்பதை விமானப் பணியாளர்கள் கவனித்தார்கள். பயணத்தின் நடுவே அவரே முகமூடியைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அதுவரை தரையில் பார்த்தவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இன்னொன்று. 2014 மார்ச்சில் காணாமல் போன எம்எச்370 விமானத்தில் இரண்டு பேர் திருட்டுப் பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தார்கள். ஒன்று ஆஸ்திரியாவுடையது, ஒன்று இத்தாலியுடையது. இரண்டும் தாய்லாந்தில் திருடப்பட்டவை. அந்த இருவருக்கும் பயங்கரவாதத் தொடர்பு எதுவும் இருந்ததாகத் தெரியவரவில்லை. ஆனால் இரண்டு பாஸ்போர்ட்டுகளும் இன்டர்போலின் திருட்டு ஆவணப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தன, யாரும் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. எண்ணைத் தட்டிப் பார்த்திருந்தாலே போதும். ஆகவே கேமரா வாங்குவதற்கு முன்னால், உங்கள் நிலையத்தில் ஒவ்வொரு பாஸ்போர்ட் எண்ணும் அந்தப் பட்டியலோடு ஒப்பிடப்படுகிறதா என்று விசாரியுங்கள். அது நடக்காத இடத்தில் முகமறியும் கருவி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.


பதில்: அருள்

ஊழியர் வாசல்கள். ஓரிடத்துக்குத்தான் பணம் என்றால் என் பதில் அதுதான். அந்த நிறுவனங்கள் கொடுத்த மூன்று இடங்களில் அது வரவே இல்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

நான் வாசல் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்திப் பராமரிப்பவன். பயணியைத் தானே சரிபார்த்துத் திறக்கும் இ-கேட்டும் உண்டு, ஊழியர்களின் அட்டையையோ விரலையோ படிக்கும் ரீடரும் உண்டு. பயணி ஒருவர் விமானத்தை அடைவதற்குள் ஆவணச் சோதனை, எக்ஸ்ரே, உடல் சோதனை, போர்டிங் என்று பலரைத் தாண்டவேண்டும். சுமை ஏற்றுபவர், சுத்தம் செய்பவர், எரிபொருள் நிரப்புபவர், கடையில் வேலை செய்பவர் ஆகியோருக்குப் பல இடங்களில் ஓர் அட்டையைத் தட்டினால் கதவு திறந்துவிடும். சிலர் நேராக விமானத்தின் சக்கரம் வரைக்கும் போகலாம். அந்த அட்டை யார் கையில் இருக்கிறது என்பது ரீடருக்குத் தெரியாது.

வேலியே பயிரை மேய்ந்த சம்பவங்கள் இந்தத் துறையில் உண்டு. 1987 டிசம்பர் 7-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ கிளம்பிய பிஎஸ்ஏ 1771 விமானத்தில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட விமான நிறுவன ஊழியர் ஒருவர் துப்பாக்கியோடு ஏறினார். அவருடைய அடையாள அட்டையை யாரும் திருப்பி வாங்கவில்லை. அதைக் காட்டிச் சோதனையைத் தாண்டிவிட்டார். விமானத்தில் இருந்த 43 பேரும் இறந்தார்கள்.

இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அட்டை அவருடையது. முகமும் விரலும் அவருடையவை. பயோமெட்ரிக் ரீடர் இருந்திருந்தால் ‘சரியான ஆள்’ என்றுதான் சொல்லியிருக்கும். அவரைத் தடுத்திருக்கக்கூடியது ஒன்றுதான்: வேலைநீக்கக் கடிதம் கையெழுத்தான அதே நேரத்தில் அவர் பெயர் வாசல் பட்டியலிலிருந்தும் போயிருக்கவேண்டும். ஆள் கையில் இருக்கும் பொருளைத் திருப்பி வாங்கும் வரை காத்திருக்காமல், உரிமையை மட்டும் தனியாக ரத்துசெய்ய முடிகிற அமைப்பு வேண்டும். பயோமெட்ரிக் அதற்கு வழி செய்கிறது. ஆனால் மனிதவளப் பிரிவின் கணினியும் வாசல் கணினியும் பேசிக்கொள்ளவில்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த ரீடரும் பழைய ஆளுக்கு மரியாதையாகக் கதவு திறக்கும். இந்த இணைப்பு பற்றி ஒப்பந்தத்தில் தனிப் பிரிவாகவே எழுதுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அடிக்கடி மாறுவார்கள். அவர்களை அனுப்பும் நிறுவனம் எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும் என்பதும் அதில் வரவேண்டும்.

2016 பிப்ரவரியில் மொகாதிஷுவிலிருந்து கிளம்பிய டாலோ ஏர்லைன்ஸ் விமானத்தில் நடுவானில் குண்டு வெடித்தது. சோதனையைத் தாண்டிய பிறகு லேப்டாப் போன்ற ஒன்று குண்டு வைத்த பயணியின் கைக்கு வந்தது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. கொடுத்தவர்களில் விமான நிலைய ஊழியரும் இருந்தார். பயணியை எத்தனை முறை சோதித்து என்ன பயன்? கனடா 2007-லேயே பெரிய விமான நிலையங்களில், தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் போகும் ஊழியர்களுக்குக் கைரேகை, கருவிழி இரண்டும் பதிந்த அட்டையைக் கொண்டுவந்துவிட்டது. அட்டையும் வேண்டும், ஆளும் வேண்டும். யார், எந்த வாசலில், எத்தனை மணிக்கு என்ற பதிவும் மிஞ்சும்.

ஊழியர் வாசலில் நான் கண்ட சில விஷயங்கள், உங்கள் குறிப்புக்கு உதவலாம். சுமை தூக்குபவர்களின் விரல் தேய்ந்திருக்கும். பொறியாளர்களின் விரலில் கிரீஸ் இருக்கும். மழையில் கை ஈரமாக இருக்கும். குளிரில் கையுறை இருக்கும். கைரேகை ரீடர் பத்தில் இரண்டு பேரைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தால், மேற்பார்வையாளர் தன் விரலை வைத்து எல்லோரையும் உள்ளே விட ஆரம்பித்துவிடுவார். அந்த நாளோடு உங்கள் பயோமெட்ரிக் செத்துவிட்டது என்று அர்த்தம். அந்த வாசல்களுக்குக் கருவிழியோ உள்ளங்கை நரம்போ முகமோதான் சரிப்படும்.

அப்புறம், ரீடர் ஒரு ஆளைத்தான் சோதிக்கிறது. கதவு மூன்று பேரை விடும். தள்ளுவண்டியோடு பின்னால் வருபவருக்குக் கதவைப் பிடித்துக்கொடுப்பது நல்ல பழக்கம், யாரும் குறை சொல்ல முடியாது. அதனால் ஒரு கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும் இரட்டைக் கதவு, அல்லது எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று எண்ணும் சென்சார் இல்லாமல் ரீடர் மட்டும் வாங்காதீர்கள். கூடவே அந்தக் கட்டடத்தில் இருக்கும் தீயணைப்பு அவசரக் கதவுகளை ஒரு சுற்று நடந்து பாருங்கள். புதிய ரீடர் வந்த வாரத்திலேயே எது குறுக்குவழி ஆகிறது என்று தெரியும்.

சரி, பயணிகள் பக்கம். முகமறிதல் என்று ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகளை விற்கிறார்கள், அவற்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பாஸ்போர்ட் சிப்பில் இருக்கும் படமும் எதிரே நிற்கும் முகமும் ஒன்றா என்று பார்ப்பது முதல் வேலை. ஒன்றுக்கு ஒன்று. கதிர்வேல் அண்ணா சொன்ன ஆள்மாறாட்டத்தை இது நன்றாகப் பிடிக்கும், மனிதக் கண்ணைவிட நன்றாக. போர்டிங் கேட்டில் எந்த ஆவணமும் கேட்காமல், அந்த விமானத்தில் போகும் 200 பேரில் இவர் யார் என்று தேடுவது இரண்டாவது. கூட்டத்தில் நடந்து போகிறவர்களையெல்லாம் படம்பிடித்து, தேடப்படுவோர் பட்டியலில் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பது மூன்றாவது.

ஆயிரம் அந்நியர்களில் ஒருவர் தவறாகப் பொருந்துவார் என்ற அளவில் கருவியை வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலைக்கு அது பரவாயில்லை. அதே அளவை இரண்டாவது வேலைக்கு வைத்தால், அந்த விமானத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் 200 பேரில் யாரோ ஒருவரோடு பொருந்திவிடும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. ஆகவே அங்கே அளவை மிகக் கடுமையாக்க வேண்டும். மூன்றாவதில் கணக்கு இன்னும் மோசம். நாளைக்கு 50,000 பேர் வரும் நிலையத்தில், ஆயிரத்தில் ஒருவருக்குத் தவறான எச்சரிக்கை வந்தாலும் தினமும் 50 பேரைத் தனியே அழைத்து விசாரிக்க வேண்டும். பட்டியலில் உள்ள ஆள் நிஜமாக வருவது வருடத்தில் ஒருநாள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கொஞ்ச நாளிலேயே காவலர்கள் அந்த மணியை நம்புவதை நிறுத்திவிடுவார்கள். உண்மையான ஆள் வரும் நாளிலும் அது இன்னொரு பொய் மணியாகத்தான் கேட்கும்.

‘99 சதவீதம்’ என்று சொல்பவரிடம் நான் கேட்பது இதுதான்: தவறான ஆளை உள்ளே விடும் விகிதம் எவ்வளவு, அந்த விகிதத்தில் சரியான ஆளைத் திருப்பி அனுப்பும் விகிதம் எவ்வளவு? இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டும். ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். ஐரோப்பிய ஒன்றிய எல்லைக் காவல் அமைப்பான ஃப்ரன்டெக்ஸின் தானியங்கி எல்லைச் சோதனை வழிகாட்டுதல், தவறாக உள்ளே விடுவது 0.1 சதவீதமாக இருக்கும்போது தவறாகத் தடுப்பது 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. வரிசை நீளும்போது யாராவது வந்து அளவைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்வார்கள். அந்த அளவை மாற்றும் அதிகாரம் யாருக்கு, மாற்றினால் அது பதிவாகுமா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பலரிடம் பதில் தயாராக இருப்பதில்லை.

மென்பொருள் பெரிதாக முன்னேறியிருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2002-ல் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் தன்னார்வ ஊழியர்களை வைத்துச் சோதித்தபோது 153 முறை பிடித்தது, 96 முறை கோட்டைவிட்டது. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் நடத்திய பரிசோதனையில், பட்டியலில் இருக்கும் முகத்தைத் தேடியும் கண்டுபிடிக்காமல் போவது 2014-ல் 4 சதவீதமாக இருந்தது 2018-ல் 0.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆனால் அது ஆய்வகத்தில், நல்ல படங்களை வைத்து. அதே 2018-ல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகம், வெளியேறும் பயணிகளின் முகத்தை ஒப்பிடும் சோதனைத் திட்டத்தை ஆராய்ந்தது. அங்கே 85 சதவீதப் பயணிகளைத்தான் உறுதிசெய்ய முடிந்திருக்கிறது. நெட்வொர்க் போய்விட்டது, அதற்கென்று தனி ஆள் இல்லை, விமானம் தாமதமானதால் போர்டிங் நேரம் குறைந்துவிட்டது என்று காரணங்கள். நான் பார்த்த வரையில் வெளிச்சத்தையும் சேர்க்கவேண்டும். கண்ணாடிச் சுவருக்கு எதிரே வைத்த கேமரா காலையில் ஒழுங்காக வேலை செய்யும். சாயங்கால வெயில் பயணியின் முதுகுக்குப் பின்னாலிருந்து அடிக்கும்போது முகம் கறுத்துப்போகும்.


தேன்மொழி

கதிர்வேல் அண்ணா, அருள் சார், இருவருக்கும் மிக்க நன்றி. ஊழியர் வாசல் எங்கள் பேச்சில் இதுவரை வரவே இல்லை, அதை முதலில் வைத்து எழுதப்போகிறேன்.

ஒரு சந்தேகம். சிப்பில் இருக்கும் படத்தோடு ஒப்பிடுகிறோம், சரி. அந்தப் படமே தவறாக இருந்தால்? அப்புறம் முகமூடி, போட்டோ, செயற்கை விரல் இவற்றையெல்லாம் கருவி கண்டுபிடிக்குமா?


பதில்: அருள்

படமே தவறாக இருப்பதுதான் இந்த அமைப்பின் மிகப் பலவீனமான இடம். இரண்டு பேரின் முகத்தைக் கணினியில் கலந்து ஒரே படமாக்கலாம், மார்ஃபிங் என்பார்கள். அதைக் கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்கினால் இருவரின் முகத்துக்கும் கதவு திறக்கும். இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் இதைக் காட்டினார்கள். 2018-ல் ஜெர்மனியில் ஒரு செயற்பாட்டாளர் குழு, குழுவைச் சேர்ந்தவரின் முகத்தையும் அப்போதைய ஐரோப்பிய ஒன்றிய வெளியுறவுப் பிரதிநிதி ஃபெடரிகா மொகெரினியின் முகத்தையும் கலந்த படத்தைக் கொடுத்து அசல் ஜெர்மன் பாஸ்போர்ட்டே வாங்கிவிட்டது. சிப், கையொப்பம், முத்திரை எல்லாம் அரசாங்கம் கொடுத்தது.

இதற்கு விமான நிலைய வாசலில் முழு மருந்து இல்லை. படம் எடுக்கும் இடத்தில்தான் சரிசெய்யவேண்டும். ஜெர்மனி 2025 மே மாதத்திலிருந்து அச்சடித்த படத்தை வாங்குவதில்லை. அலுவலகத்திலேயே எடுக்கவேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற ஸ்டுடியோ பாதுகாப்பான வழியில் நேராக அனுப்பவேண்டும். உங்கள் கையில் இருப்பது ஊழியர் பதிவு. அங்கே இதே விதியைப் போடுங்கள். யாரும் படத்தை மின்னஞ்சலில் அனுப்பக்கூடாது, நேரில் வந்து, அசல் ஆவணத்தைக் காட்டி, உங்கள் ஆள் முன்னால் பதியவேண்டும்.

ஏமாற்றுவது பற்றி: 2002-ல் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தின் சுதோமு மத்சுமோதோ குழு ஜெலட்டினில் செய்த விரலால் அப்போதைய கைரேகை ரீடர்களை ஏமாற்றிக் காட்டியது. ஜப்பானிலிருந்து நாடு கடத்தப்பட்ட பெண் ஒருவர் விரலில் தனி டேப் ஒட்டிக்கொண்டு, விமான நிலையத்தின் கைரேகைச் சோதனையைத் தாண்டி மறுபடி நுழைந்த செய்தி 2009-ல் வந்தது. இப்போதைய கருவிகளில் எதிரே இருப்பது உயிருள்ள முகமா, விரலா என்று பார்க்கும் வசதி உண்டு. ‘உண்டு’ என்ற பதில் போதாது. இப்படி ஏமாற்றுவதைக் கண்டுபிடிப்பதற்கான ஐஎஸ்ஓ 30107 என்ற சர்வதேசத் தரத்தின்படி வெளி ஆய்வகம் ஒன்று சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். அதில் சிலிகான் முகமூடி இருந்ததா என்று பாருங்கள், அச்சடித்த போட்டோவோடு நிறுத்திக்கொள்ளும் சோதனைகள் இருக்கின்றன.

இன்னொரு தந்திரம் ரொம்பப் பழையது. சிப்பை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு வருவது. சிப் படிக்கவில்லை என்றதும் ‘கருவிக் கோளாறு’ என்று சொல்லி வேகமாக அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. சிப் படிக்காத பாஸ்போர்ட்டுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கவேண்டும்.


பதில்: நிலா

இங்கே யாரும் பயணியின் பக்கத்திலிருந்து பேசவில்லையே என்று எழுதுகிறேன். என் மாமியாருக்கு எந்தக் கருவியிலும் கைரேகை விழுவதில்லை. ஒவ்வொரு முறையும் விரலைத் துடைக்கச் சொல்லி, அழுத்தச் சொல்லி, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, ஏதோ தவறு செய்துவிட்டவர்போலத் தலைகுனிந்து நிற்பார். எனக்கு அது தாங்குவதில்லை.

அதோடு, பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலையும் முகத்தையும் எப்படி மாற்றுவது? 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருடப்பட்டன. 2019-ல் அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த நிறுவனம் ஒன்றிடமிருந்து பயணிகளின் முகப் படங்கள் வெளியேறின. அந்தப் படங்களைத் தன் சொந்தக் கணினிக்கு அது எடுத்துச்சென்றிருக்கவே கூடாது. பாதுகாப்பு என்று சொல்லி நீங்கள் சேர்த்துவைப்பதே ஆபத்தாக மாறாதா, தேன்மொழி? உங்கள் குறிப்பில் இதற்கு இடம் இருக்கிறதா?


பதில்: அருள்

நிலா, நீங்கள் கேட்டது பாதுகாப்புக் கேள்வியேதான். சேர்த்துவைக்காததை யாரும் திருட முடியாது. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்தில் எல்லைச் சோதனையை வேகமாகக் கடப்பதற்கான ப்ரிவியம் திட்டம் 2001-ல் கருவிழியை வைத்து ஆரம்பித்தபோதே, அந்தத் தகவல் பயணியின் கையில் இருக்கும் அட்டைக்குள்தான் இருந்தது. கண்ணும் அட்டையும் வாசலில் சந்திக்கும், ஒத்துப்போனால் கதவு திறக்கும். பாஸ்போர்ட் சிப்பும் அதேபோல்தான். ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட மையத் தரவுத்தளம் தேவையே இல்லை. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2024 மே மாதம் கொடுத்த கருத்தும் இந்தப் பக்கம்தான்: முகத்திலிருந்து கணினி எடுத்துவைக்கும் அளவுகள், அதாவது டெம்ப்ளேட், பயணியிடமே இருக்கவேண்டும், அல்லது அதைத் திறக்கும் சாவி அவரிடம் மட்டும் இருக்கவேண்டும். மையத்தில் வைத்து, சாவியையும் விமான நிலையமே வைத்துக்கொள்ளும் முறையை அது ஏற்கவில்லை.

போர்டிங் கேட்டில் 200 பேரின் முகத்தைத் தேடும் முறை வேண்டுமென்றே தீர்மானித்தால், விமானம் கிளம்பியதும் அந்த 200 முகங்களும் அழிந்துவிடுகின்றனவா, காப்புப் பிரதியிலிருந்தும் அழிகின்றனவா, பராமரிக்கும் நிறுவனம் ‘மென்பொருளை மேம்படுத்த’ என்று ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறதா என்று எழுத்தில் வாங்கவேண்டும்.

உங்கள் மாமியாரின் சிரமத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2019 டிசம்பரில் நிஸ்ட் வெளியிட்ட அறிக்கையில், பல மென்பொருள்கள் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள், சில இனத்தவர்கள் விஷயத்தில் வேறு ஆளை அதே ஆள் என்று கூடுதலாகத் தவறு செய்தன. சில மென்பொருள்களில் பிரிவுக்குப் பிரிவு வித்தியாசம் 10 மடங்கிலிருந்து 100 மடங்கு வரை. நல்ல மென்பொருள்களில் இது மிகக் குறைவு. பாதுகாப்பு ஆளாக இதைப் படித்தால், எந்தப் பிரிவில் தவறு கூடுதலோ அந்தப் பிரிவில் ஆள்மாறாட்டம் சுலபம் என்று அர்த்தம். ஆகவே மொத்தச் சராசரி வேண்டாம், வயதுவாரியாகவும் பிரிவுவாரியாகவும் எண்ணிக்கை தரச் சொல்லுங்கள். அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் இரட்டையர்களிடம் முகமறிதல் தடுமாறும். கருவிழி தடுமாறாது, அது ஒரே மாதிரி இரட்டையர்களுக்கும் வேறுவேறாகத்தான் இருக்கும்.


பதில்: கதிர்வேல்

நிலா அம்மா சொன்னதற்கு ஒரு வார்த்தை. கருவி திருப்பி அனுப்பியவரைச் சந்தேகப்படும் மேஜை ஒன்று, உதவும் மேஜை ஒன்று என்று இரண்டு விதமாகவும் நடத்திப் பார்த்திருக்கிறேன். உதவும் மேஜையில்தான் உண்மையான ஆள்மாறாட்டக்காரர்கள் தெரிந்தார்கள். வயதானவரை உட்காரவைத்து, நிதானமாக ஆவணத்தைப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு அனுப்ப நேரம் இருந்தால், அடுத்து வருபவர் ஏன் வியர்க்கிறார் என்று கவனிக்கவும் நேரம் இருக்கும். இ-கேட் வைத்த பிறகு ஆட்களைக் குறைத்துவிடுவார்கள். மிச்சமாகும் ஆட்களை இந்த மேஜையில் போடச் சொல்லி எழுதுங்கள், சகோதரி. கருவியால் தீர்மானிக்க முடியாத கேஸ்கள் எல்லாம் இங்கேதான் வந்து சேரும்.


தேன்மொழி

நிலா, இடம் இருக்கிறது. இப்போது தனித் தலைப்பாகவே வைக்கிறேன். கதிர்வேல் அண்ணா சொன்ன மேஜைக்கான ஆட்கள் எண்ணிக்கையையும் சேர்த்துவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று, அருள் சார். முன்னோட்டச் சோதனைக்கு அனுமதி கிடைக்கலாம் போலிருக்கிறது. விற்பவர்கள் தாங்களே நடத்திக்காட்டுவதாகச் சொல்கிறார்கள். நாங்கள் எப்படி நடத்தினால் சரியாக இருக்கும்?


பதில்: அருள்

அவர்கள் நடத்தவேண்டாம், நீங்கள் நடத்துங்கள். அவர்கள் இருக்கலாம், பார்க்கலாம். எந்த நாள், எந்த வாசல் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

சரியான ஆட்களை வைத்துச் சோதித்தால் கதவு திறக்கிறது என்பது மட்டுமே தெரியும். எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஊழியர்களை ஒருவருக்கொருவர் அட்டையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அக்கா தங்கை, அண்ணன் தம்பி வேலை செய்கிறார்கள் என்றால் அவர்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். சாயல் உள்ளவர்கள்தான் உங்களுக்கு வேண்டும். கண்ணாடி போட்டவர், முக்காடு போட்டவர், தாடி எடுத்தவர், சக்கர நாற்காலியில் வருபவர் எல்லோரும் இருக்கட்டும். கேமராவின் உயரம் யாருக்கு எட்டவில்லை என்று அப்போது தெரியும்.

இரண்டு பேர் ஒட்டி நுழைவதைச் சோதியுங்கள். பதிவிலிருந்து ஒருவரை நீக்கச் சொல்லி மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டு, அவரை வாசலில் நிறுத்தி, எத்தனை நேரம் வரை கதவு திறக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நாள் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கதவு பூட்டியே நிற்கிறதா, எல்லோருக்கும் திறந்துவிடுகிறதா, அந்த நேரத்தில் யார் எதைத் தீர்மானித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம், விமானங்கள் தாமதமாகி மூன்று கேட்டில் ஒரே நேரத்தில் போர்டிங் நடக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். காலையில் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்த எண்ணிக்கையைக் குறிப்பில் சேர்க்கவேண்டாம்.

முடிவுகள் வந்ததும் இங்கே போடுங்கள், எண்ணிக்கையைச் சேர்ந்து பார்க்கலாம்.